பாதியில் நிறுத்தக்கூடிய தொழில்

வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி ஒரு தொழில் வேண்டும் என்று நானும் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து யோசித்தோம். பாலக்காட்டுப் பக்கம், வடகரப்பதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் எங்கள் வீடு. நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மாடு, கோழி, முறுக்கு, இட்லி மாவு, டியூஷன், தையல். எங்கள் சின்ன மகளுக்கு அப்போது ஐந்து வயது. பக்கத்தில் குப்புறப் படுத்து, அதே தாளின் ஓரத்தில் பூ வரைந்துகொண்டிருந்தாள்.

"மாடு வேண்டாங்க," என்றேன். "கறக்கற நேரத்துக்குக் கறந்தாகோணும். புள்ளைக்கு ஒடம்பு சரியில்லீன்னா மாடு காத்திருக்குமா?"

"கோழி?"

"சீக்கு வந்தா அதுகளையும் பாக்கோணும், இவளையும் பாக்கோணும்."

"முறுக்கு?"

"கொதிக்கற எண்ணெய ஊட்டுக்குள்ள வெச்சுட்டு எப்புடிங்க இவளுக்குப் பாடஞ் சொல்லித் தாறது?"

டியூஷன் என்றும் அவர் சொன்னார். நான் கல்லூரியில் கணக்குப் படித்தவள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் வருவார்கள். ஆனால் சாயங்காலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. அவருக்கும் அது புரிந்தது. நானே பேனாவால் அதை அடித்தேன்.

தொழில் தேடுகிறவர்கள் முதல் எவ்வளவு, கையில் என்ன நிற்கும் என்று பார்ப்பார்கள். நான் பார்த்தது ஒன்றைத்தான். மகள் கூப்பிட்டால், கையில் இருப்பதை அந்த நிமிடமே கீழே வைத்துவிட்டு எழுந்து போக முடிய வேண்டும். அதற்குக் காரணம் எங்கள் மூத்த மகள்.

எங்களை விட்டுப் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. நான் அப்போது கோயம்புத்தூர் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலை ஏழு மணிக்கு மெயின் ரோட்டுக்குக் கம்பெனி வண்டி வந்துவிடும். ஒரு நிமிடம் பிந்தினாலும் நிற்காது. வீட்டுக்காரர் தேங்காய்க் களத்தில் மட்டை உரிக்கிறவர். அவர் கிளம்புவதற்கு ஒன்பது மணி ஆகும். சின்னவளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டு, பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அப்படியே களத்துக்குப் போவார்.

அன்று காலை அவளுக்குத் தலை பின்னும்போது கழுத்து சுட்டது.

"அம்மா, இன்னைக்கு லீவு போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

"லேசாத்தான் கண்ணு சுடுது. மாத்திரை போட்டுட்டுப் போ. பரிட்சை இருக்குதல்ல?"

பரீட்சை ஒரு சாக்கு. அந்த மாதம் நான் ஏற்கெனவே இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்தேன். இன்னொரு நாள் கேட்டால் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகத்துக்குப் பயந்தேன். மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தேன். முழுங்கினாள்.

கம்பெனியில் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாலை ஐந்து மணிக்கு அதைத் திரும்ப வாங்கியபோதுதான் பார்த்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று அழைப்பு, வீட்டுக்காரரிடமிருந்து பதினாலு. அதற்குள் அவளை முதலில் பக்கத்துச் சித்தூர் ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து பாலக்காட்டுக்கும் கொண்டுபோயிருந்தார்கள். நான் போய்ச் சேரும்போது அவளுக்கு நினைவு இல்லை. மூன்றாம் நாள் காலையில் எல்லாம் முடிந்தது. மூளைக் காய்ச்சல் என்றார்கள். ஒரு டாக்டரம்மா என்னைத் தனியாக உட்காரவைத்து, அரை நாள் முன்னால் கொண்டுவந்திருந்தாலும் இது இப்படித்தான் போயிருக்கும் என்று மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. ஒன்றும் மனதில் இறங்கவில்லை.

வேலையை விட்டேன். அடுத்த ஜூனில் சின்னவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை கேட்டார்.

"எத்தன நாளைக்கு ஊட்டுலயே வெச்சிருக்கறதா நெனப்பு?"

"தெரியலீங்க."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. பள்ளிக்கூடமே வேண்டாம் என்று யோசித்து முடிவெடுத்து, பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிற குடும்பங்கள் உண்டு என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர்களுக்கு ஒரு கொள்கை இருக்கும். எனக்கு இருந்தது பயம் மட்டும்தான். அதற்கு நான் வீட்டுப் படிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

முதலில் இட்லி மாவில் இறங்கினோம். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை பாடம், அதற்கப்புறம் கிரைண்டர். எழுத்து எழுதிக்கொண்டே அவள் உளுந்து எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். படி, ஆழாக்கு வைத்துக் கூட்டல் போட்டாள். இரண்டு கடைகளுக்கும் பத்துப் பதினைந்து வீடுகளுக்கும் மாவு போனது. நல்லபடியாகத்தான் நடந்தது.

ஒரு கல்யாண வீட்டிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. மறுநாள் காலைப் பந்திக்கு. நான் அரிசியைக் கழுவிப் போட்டுக்கொண்டிருக்கும்போது மகள் வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். உடம்பு சுட்டது.

"போய்ப் படு கண்ணு, இந்த ஒரு ஈடு ஆட்டிட்டு வந்தர்றேன்," என்றேன்.

"சரிங்கம்மா. நீங்க ஆட்டுங்க. நான் சும்மா படுத்துக்கறேன்."

அவள் பாயை விரித்துப் படுத்தாள். கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஓரத்து மாவை வழித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன். பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. சூப்பர்வைசர் இருந்த இடத்தில் இப்போது கல்யாண வீட்டுக்காரர் இருந்தார். நான் மாறவே இல்லை. சுவிட்சை அணைத்தேன். பாதி அரைந்த அரிசியோடு கல் அப்படியே நின்றது.

கல்யாண வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, என்னால் முடியாது என்றேன். "நாளைக்குப் பந்தியில எலையப் போட்டுட்டு எல்லாத்தையும் சும்மா உக்காந்திருக்கச் சொல்றீங்களா?" என்று கத்தினார். அவர் கோபப்பட்டதில் தப்பே இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சாதாரணச் சளிக் காய்ச்சல். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாள். ஆனால் மாவுத் தொழில் அன்றோடு முடிந்தது. அப்படிச் சொன்ன சொல் தவறிய பிறகு யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம்தான் தையல். வீட்டுக்காரர் பழைய மிதி மெஷின் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி, டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்தார். பக்கத்து ஊரில் ஒரு அக்காவிடம் மகளையும் கூட்டிக்கொண்டு போய் மூன்று மாதம் கற்றுக்கொண்டேன். நான் தேடிய குணம் அந்த மெஷினிடம் இருந்தது. மிதிப்பதை நிறுத்தினால் ஊசி அந்த இடத்திலேயே நிற்கும். ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் துணி கெட்டுப்போகாது, புளித்துப்போகாது, பொங்கி வழியாது. ஜாக்கெட், பாவாடை, தலையணை உறை, நைட்டி என்று வந்தது. "ரெண்டு நாள் முன்னப்பின்ன ஆகுங்க்கா" என்று சொல்லித்தான் துணியை வாங்குவேன். சம்மதம் இருந்தால் கொடுப்பார்கள்.

வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் கிடையாது என்று அந்த நாட்களில் நிஜமாகவே நம்பினேன். இன்றைக்கும் அந்த ஒரு விஷயத்தில் நான் தப்புச் சொல்ல மாட்டேன். அளவு நாடாவில்தான் அவள் பின்னம் கற்றாள். முழம், அங்குலம், சென்டிமீட்டர் எல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டாள். அளவு வெட்டுவதற்குப் பழைய மலையாளப் பேப்பர் வாங்கி வைத்திருப்பேன். கை அளவுக்கும் கழுத்து அளவுக்கும் வெட்டிய பேப்பரில் செய்திகள் பாதியோடு நிற்கும். அவள் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். "யானை ஊருக்குள் இறங்கி..." என்று ஒரு கழுத்து வளைவில் செய்தி முடிந்துவிடும். "அப்பறம் என்னாச்சுங்கம்மா?" என்பாள். மீதியை நாங்கள் இரண்டு பேரும் இட்டுக்கட்டுவோம். அவள் சொல்கிற யானை ஒருத்தரையும் மிதிக்காது. வாழைத்தார் ஒன்றைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடும். நான் சிரித்த நாட்கள் அவைதான்.

பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தலைமை டீச்சர் ஒருநாள் வந்தார். பெரியவளுக்குப் பாடம் எடுத்தவர். அன்றைக்கு மூன்று முறை என்னை அழைத்ததும் அவர்தான். வாசலில் நின்றுகொண்டே பேசினார்.

"கொழந்தைய ஸ்கூலுக்கு அனுப்பாம வெச்சிருக்கறது செரியில்லீங்க. அட்மிஷனுக்கு ஒரு அப்பேக்ஷை குடுத்தாப் போதும். நானே எழுதித் தாறேன், நீங்க ஒப்பு மட்டும் வையுங்க."

"நான் நல்லாச் சொல்லிக் குடுக்கறனுங்க டீச்சர். வேணுமின்னா கேட்டுப் பாருங்க."

அவர் கேட்கவில்லை. மகளின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் மே மாதக் கடைசியில் மறுபடி வந்தார். இந்தத் தடவை அப்பேக்ஷை என்கிற அந்த விண்ணப்பத்தைப் பற்றிப் பேசவில்லை. பள்ளியில் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் துணி கொடுத்திருக்கிறார்கள், தைத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் பெற்றோர் அலைகிறார்கள், நீங்கள் தைப்பீர்களா என்று கேட்டார். எனக்கு வேலை கொடுக்க வந்தாரா, என் வீட்டுக்குள் பள்ளிக்கூடத்தை அனுப்பிவைக்க வந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. தைக்கிறேன் என்றேன்.

அப்படி வருடா வருடம் ஜூன் மாதம் என் வீட்டுத் திண்ணை முழுக்க ஒரே நிறத் துணியாகக் கிடந்தது. முதல் வருடம் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வந்தாள். நாலாம் வகுப்பு. தோளில் நாடாவை வைத்தேன், மார்பைச் சுற்றி எடுத்தேன். நாடாவில் தெரிந்த எண் எனக்குத் தெரிந்த எண். பெரியவளுக்குக் கடைசியாகப் பொங்கலுக்குப் பாவாடை சட்டை தைக்கக் கொடுத்தபோது தையல்காரர் சொல்லச் சொல்ல அந்த அளவை நான்தான் எழுதினேன். என் விரல் நாடாவிலேயே நின்றது. "என்னங்க்கா, அளவு சரியா வரலீங்களா?" என்று அந்த அம்மா கேட்டாள். சரியாகத்தான் வருகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதினேன்.

பின்னால் சின்னவளும் அந்த அளவைத் தாண்டினாள். அக்காவைவிடப் பெரியவளான வாரம் அவளுக்கு ஒரு சட்டை வெட்டினேன். அதற்கு எனக்குக் கைவசம் பழைய அளவு எதுவும் இல்லை. இனி இவள் எப்படி வளர்வாள் என்று எனக்குத் தெரியாது என்பது அன்றுதான் உறைத்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய நாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கொரோனா வந்தபோது ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் அடைந்தார்கள். வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்த இரண்டு வருடமும் நான் நிம்மதியாக இருந்தேன். யாரும் எங்கள் மகளைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லா வீடும் எங்கள் வீடு மாதிரி ஆகிவிட்டது. மாஸ்க் தைத்தேன், மகள் ஓரம் மடித்துக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வாசலில் வந்து விளையாடினார்கள். அவளுக்கு முதல்முறையாகக் கூட்டாளிகள் கிடைத்தார்கள்.

பிறகு பள்ளிக்கூடங்களைத் திறந்தார்கள். கூட்டாளிகள் போய்விட்டார்கள். அந்த ஜூனில் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு யூனிபார்ம் வந்து குவிந்தது. எல்லாப் பிள்ளைகளும் வளர்ந்திருந்தார்கள், ஒருவருக்கும் பழையது பற்றவில்லை. நூல் தீர்ந்துபோய் நான் கடைக்குப் போனேன். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தேன்.

மகள் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். யாரோ ஒரு ஏழாம் வகுப்புப் பெண்ணின் யூனிபார்மைப் போட்டிருந்தாள். ஓரத்தில் நான் குத்திய குண்டூசிகள் அப்படியே இருந்தன. இரட்டைச் சடை போட்டு மடித்துக் கட்டியிருந்தாள். நான் வந்ததைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துக் கையைத் தூக்கி, "ஹாஜர் டீச்சர்," என்றாள். குரல் சரியில்லை என்று நினைத்தாளோ என்னவோ, கையை இறக்கிவிட்டு மறுபடி தூக்கி, கொஞ்சம் சத்தமாக, "ஹாஜர் டீச்சர்."

"கழட்டு அத! அடுத்தவிய துணி!" என்று கத்திவிட்டேன்.

அவள் பயந்துபோனாள். ஊசி குத்தாமல் மெதுவாகக் கழற்றி, மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா காய்ச்சல்லதானுங்கம்மா செத்துச்சு. காய்ச்சல் ஊட்டுக்கு வராதுங்களா?"

அவளிடம் நான் அக்காவின் சாவைப் பற்றி அதிகம் பேசியதே இல்லை. அவள் எல்லாவற்றையும் தானே சேர்த்துக்கொண்டிருக்கிறாள். வாங்கி வந்த நூலை மெஷினில் கோத்து, தைக்க உட்கார்ந்தேன். அன்று மீதி நாளெல்லாம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். மட்டைக் கறை அவர் கையை விட்டுப் போகவே போகாது, ஆனாலும் தேய்ப்பார். நான் பக்கத்தில் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு, இத்தனை வருடமும் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"ஏனுங்க, நெசத்தச் சொல்லோணும். பெரியவளுக்கு அப்புடி ஆனது என்னாலதான்னு நீங்க நெனச்சீங்களா?"

இல்லை என்று அவர் சட்டென்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொம்பைத் தொட்டிமேல் வைத்தார்.

"நெனச்சேன். மொதோ வருசம் பூரா நெனச்சேன்."

"அப்பறம்?"

"அப்பறம்..." என்று நிறுத்தி, தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ ஏழு மணிக்கே போயிட்ட. ஒம்பது மணி வரைக்கும் அவகூட நான்தான இருந்தேன்? சைக்கிள்ல வெச்சுக் கூட்டிட்டுப் போனேன். முதுகுல சாஞ்சுட்டே வந்தா. சட்டைக்கு மேலயே சுட்டுது. எனக்குந் தெரிஞ்சுது. கேட்டுல எறக்கி உட்டுட்டுக் களத்துக்குப் போயிட்டேன்."

தொட்டிமேல் இருந்த சொம்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"ஏழு வருசமா இத எங்கிட்டச் சொல்லலியே நீங்க."

"நீ எல்லாத்தையும் உம்மேல போட்டுக்கிட்ட. எனக்கு அது சௌகரியமா இருந்துது."

அதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தை மூடிக்கொண்டார். மகள் இறந்த அன்றுகூட அவர் இப்படி அழுது நான் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பக்கத்தில் நின்றேன். முகத்தைத் துடைத்துவிட்டு அவர் சொன்னார்:

"சின்னவள அனுப்பிரலாம்."

அடுத்த வாரம் மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமை டீச்சர் அப்பேக்ஷையைத் தானே எழுதினார். நான் பேனாவை வாங்கியதும், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் தன் விரலை வைத்துக் காட்டினார். ஏழாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். கணக்கில் அவள்தான் முதல் என்று டீச்சர் பிறகு சொன்னார். ஆனால் வரிசையில் நிற்பது, ஒரு கேள்விக்கு நாற்பது பேர் கை தூக்கும்போது காத்திருப்பது, சாப்பாட்டு நேரத்தில் யார் பக்கத்தில் உட்காருவது, இதெல்லாம் அவளுக்குத் தெரியவில்லை. முதல் வருடம் பல நாள் முகம் வாடித்தான் வந்தாள். அதை நான் அளவு நாடாவை வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

வீட்டில் இருந்து செய்யத் தொழில் தேடுகிற பெண்கள் சிலர் என்னிடம் வந்து கேட்பதுண்டு. பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறவர்களும் ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கு வேறு காரணங்கள். ஒருத்தியின் மகனால் கூட்டத்தில் உட்கார முடியாது. அவளுக்குத் தையல் கற்றுக்கொடுத்தேன். எந்த மெஷின் நல்லது, எந்த வேலையை ஏற்கக்கூடாது என்று எல்லாம் சொன்னேன். என் மகள்களைப் பற்றிச் சொல்லவில்லை.

சின்னவள் இப்போது பத்தாவது படிக்கிறாள். காலையில் எட்டரைக்கு பஸ் ஏறினால் சாயங்காலம் ஐந்துக்கு வருவாள். அதுவரை நான் கைப்பேசியை மெஷின் பலகையில், கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு தைக்கிறேன். அது அடித்தால் இப்போதும் மிதிப்பதை நிறுத்திவிட்டு உடனே எடுப்பேன். யாராவது ஜாக்கெட் ஆகிவிட்டதா என்று கேட்பார்கள்.

போன மாதம் அவள் தன் கூட்டாளி ஒருத்தியை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் வெட்டிப்போட்ட பேப்பர்களைப் பார்த்து, இதெல்லாம் உனக்கும் தெரியுமா என்று கேட்டது. தெரியும் என்றாள் மகள். "நான் ஊட்டுல இருந்தப்பக் கத்துக்கிட்டது," என்றாள். பெரிய நோவில் படுத்து எழுந்தவர்கள் 'நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப' என்று சொல்வார்களே, அந்த மாதிரி, சாதாரணமாக, முடிந்துபோன ஒன்றைச் சொல்கிற குரலில் சொன்னாள். பிறகு இருவரும் வேறு எதையோ பேசிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் டீயை ஆற்றிக்கொண்டு, அவர்கள் சிரித்து முடிக்கும்வரை அடுப்படியிலேயே நின்றேன்.